பின்கதவு திறந்திருந்த படம்

ஒரு ஸ்லைடு திரையில் எட்டு விநாடிக்கு மேல் நின்றால், பார்க்கிறவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் இருபத்திநாலு படமும் எட்டெட்டு விநாடிதான். கூடவே டேப்பில் என் குரல். ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலைக்கு வெளிநாட்டு ஆர்டர் வருவது நூலுக்காகவா ஸ்லைடுக்காகவா என்று முதலாளி சுப்புராஜ் கேலியாகக் கேட்பார். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

பதினாறாவது படம், கழிவுப்பஞ்சுக் கிடங்கின் பின்கதவு. தீப்பிடித்தால் தப்பிக்கும் வழி என்று டேப்பில் சொல்வேன். பஞ்சு களவு போகிறதென்று அது பூட்டியேதான் கிடக்கும். படத்துக்காகத் திறந்து, வத்திராயிருப்பிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் வெள்ளத்தாயை அதன் அருகே நிறுத்தினேன்.

"இனிமே இதத் தொறந்தே வைப்பியளா சார்?"

"ஆமா. நீ சிரி."

படம் எடுத்ததும் பூட்டினேன். வருகிறவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டுமே என்று சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

எண்பத்தெட்டு ஆவணியில் ஹாங்காங்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அறையை இருட்டாக்கிப் படம் ஓட்டினேன். பத்தாவது படத்தில் வாட்ச்மேன் சமுத்திரம் உள்ளே வந்து என் காதருகே குனிந்தான்.

"சார், கெடங்குல தீ. முன்வாசல் பக்கம் அண்ட முடியல. வெள்ளத்தாயி உள்ள மாட்டிக்கிட்டா. பின்கதவுச் சாவியக் குடுங்க."

சாவி, ப்ரொஜெக்டர் வைத்திருந்த மேசையின் இழுப்பறையில் இருந்தது. இழுத்தால் படம் ஆடும்.

"செத்த பொறு" என்றேன்.

ஆலையில் சின்னத் தீ அடிக்கடி வரும், மணலை வாரிப் போட்டால் அடங்கிவிடும், அப்படித்தான் நினைத்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அவன் புருவம் பொசுங்கியிருந்ததை ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் பார்த்தேன்.

பதினாறாவது படம் வந்தது. திறந்த கதவருகே வெள்ளத்தாய் சிரித்தாள். சமுத்திரம் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெளியே ஓடினான். உள்ளே இருந்தவர்களில் நாலு பேர் முன்வாசல் வழியாக முதலிலேயே ஓடித் தப்பியிருந்தார்கள். அவள் மட்டும் என் பேச்சை நம்பிப் பின்கதவுக்குப் போய், பூட்டிய கதவடியிலேயே செத்திருக்கிறாள்.

விசாரணையில், சாவி வாட்ச்மேனிடம் இருந்தது, அவன் என்னைத் தேடி வரவேயில்லை என்று சொன்னேன். நிதானமாகச் சொன்னேன், அதுதானே என் தொழில். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சமுத்திரத்துக்குத் தீர்ப்பு. அவன் முகத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது. என் பிள்ளைகள் முன்னால் சாப்பிட உட்கார வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. இருபத்திநாலு படமும் ஓடி, கடைசி வீணை இசையும் முடிந்த பிறகுதான் விளக்கைப் போட்டேன். அவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். வெளியே ஆட்கள் கத்துவது எனக்குக் கேட்டது. கும்பிட்டு நின்று, அவர்கள் தட்டி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் இழுப்பறையைத் திறந்தேன்.