மலையேறாத மருந்துப்பெட்டி

முன்னாள் படைவீரர் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! பதக்கங்களோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த வீரர்களே! பெற்ற பிள்ளையைப் படைக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குச் செவிசாய்த்திருந்த தாய்மார்களே! இந்த நூர் பாஷாவின் பணிவான வணக்கம்.

எழுபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர். கிழக்கு எல்லையில் ஒரு பதுங்குகுழி. அதில் இரண்டு தர்மபுரிக்காரர்கள். ஒருவன் நான், மற்றவர் சித்தேரி மலையைச் சேர்ந்த மாரப்பன். ஒரே குண்டு வெடித்தது. அதன் சிதறல் என் காலிலும் பாய்ந்தது, அவர் காலிலும் பாய்ந்தது. அந்தக் குண்டு ஊர் பார்த்ததா? மதம் பார்த்ததா?

ஊர் திரும்பினோம். சென்ற மழைக்காலத்தில் இருவருக்குமே பழைய காயம் சீழ்பிடித்தது. நம் சங்கத்தின் மருத்துவ நிலையம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. எனக்குப் பதினைந்தே நாளில் ஆறிவிட்டது. மாரப்பனை? கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். வந்துசேர்ந்தபோது காய்ச்சல் கண்டு நான்கு நாளாகியிருந்தது. காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். அவர் மனைவி குள்ளம்மாள் கேட்டார்: "ஏனுங்கண்ணா, பட்டாளத்துக்கு ஆள் எடுக்க மலைக்கே வந்தாங்களே, ஊசி போட மட்டும் ஏனுங்க யாரும் வர்ல?"

மருத்துவ நிதியைப் பங்கிட்ட குழுவில் நானும் இருந்தேன், பெரியோர்களே! பதிவேட்டில் நகரத்தில் இருநூறு பெயர், மலையில் ஒன்பது பெயர். முழு நிதியையும் நகரத்துக்கே எழுதினோம். பெயர் பதியவே ஒரு நாள் நடந்து வரவேண்டிய மலையில் ஒன்பது வீரர்கள்தானா இருப்பார்கள் என்று யோசித்தோமா? கையை உயர்த்தினோம், காபி குடித்தோம், கலைந்தோம்.

பின்வரிசையில் ஒருவர், "மேல ரோடு சரியில்லீங்களே!" என்கிறார். உண்மை ஐயா, உண்மை! ஆனால் தேர்தலுக்கு ஜீப் ஏறியதே! வாக்குப்பெட்டி ஏறிய மலையில் மருந்துப்பெட்டி ஏறாதா?

தலையை மட்டும் எண்ணிப் பிரித்தால் அது கணக்கு; தொலைவையும் எண்ணிப் பிரித்தால்தான் அது நியாயம்.

போன மாதம் அதே மாரப்பன், ஊன்றுகோலோடு மலைக் கிராமம் கிராமமாகப் போய், நாற்பத்தொரு வீரர்களின் பெயரைத் திரட்டி வந்து என் கையில் கொடுத்தார். "எனக்குப் போச்சுங்க பாஷா. அவுங்களுக்காச்சும் காலு நிக்கட்டும்" என்றார்.

அந்தத் தாளைத் தலைவரிடம் ஒப்படைக்கிறேன். நகரத்தில் கட்டவிருக்கும் புதுக் கட்டடம் பொறுக்கட்டும். அந்தப் பணத்தில் மாதம் இருமுறை டாக்டரும் கம்பவுண்டரும் சித்தேரிக்குப் போகட்டும், வத்தல்மலைக்குப் போகட்டும். இதுவே என் தீர்மானம். ஏற்பவர்கள் எழுந்து நில்லுங்கள். எழ முடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுங்கள். அந்தக் குரல்தான் இந்தச் சபையில் முதலில் கேட்க வேண்டும்.

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.