மார்வினுக்கு ஏற்ற கியர்பாக்ஸ்

எஞ்சினை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. இரும்பு அறுக்கவும் வெல்டிங் பிடிக்கவும் தெரிந்தால் யாரும் செய்துவிடலாம். கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. வண்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவன் பாதி மெக்கானிக். ஓட்டுகிறவனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவன்தான் முழு மெக்கானிக். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் விசாரணையில் உங்கள் ஆட்கள் பிரேக்கைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். பிரேக் புதிது, நானே மாட்டியது, அதில் ஒரு குறையும் கிடையாது. கியர்பாக்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நானே வந்திருக்கிறேன்.

மார்வின் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். நல்லவன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் உள்ளே வந்தால் எந்தக் கடையும் கலகலப்பாகிவிடும். லோரெட்டாவை அவனுக்கு அறிமுகம் செய்துவைத்ததே நான்தான். டயர் பஞ்சராகி என் ஷெட்டுக்கு வந்தவள், டயர் மாறுகிறவரை முக்காலியில் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்படி என்னிடம் யாரும் பேசியதில்லை. மறுவாரம் மார்வின் வந்திருந்தபோது அவளும் வந்தாள். அவ்வளவுதான். கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக அவன் பக்கத்தில் நின்றேன். கோட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

எங்கள் மலை ஜீப் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய சுரங்கப் பாதைகளில் போய் வருகிறவர்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடக்கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் மானப் பிரச்சினை. அடி கியரில் போட்டுவிட்டு, எந்த மிதியையும் தொடாமல் கால் இரண்டையும் வண்டித் தரையில் வைத்துக்கொண்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விட வேண்டும். பின்னால் வருகிறவன் கண்ணில் சிவப்பு விளக்கு பட்டால் தொலைந்தோம். பல வருடங்களுக்கு முன் ஒரு திருப்பத்தில் நான் பிரேக் போட்டேன். மார்வின் பின்னால் வந்தான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் கிறிஸ்துமஸ் மரம். விளையாட்டாகத்தான் சொன்னான். லோரெட்டாவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள்.

அவனுடைய ஜீப்பின் பெட்ரோல் எஞ்சின் போன வருடம் உயிரை விட்டது. ரொட்டி விநியோக லாரியிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று அவனுக்குக் கிடைத்தது. முரட்டு எஞ்சின். மின்சாரமே வேண்டாம், எண்ணெய் இருக்கிறவரை ஓடும். கியர்பாக்ஸை மட்டும் என்னிடம் விட்டுவிட்டான். அவனுக்கு ஓட்டத் தெரியும், கழற்றி மாட்டத் தெரியாது.

"நீ பாத்து எது போட்டாலும் சரிடா," என்றான். "ஒன்னத் தவிர வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்."

பெட்ரோல் எஞ்சின் காலை எடுத்ததும் வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் அந்த அளவுக்குப் பிடிக்காது. ஆழமான முதல் கியர் உள்ள கை கியர்பாக்ஸைப் போட்டால் அந்தக் குறை தெரியாது. அப்படி ஒன்று என் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. நான் ஆட்டோமேட்டிக்கைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும், காலை எடுத்தால் சக்கரத்தைக் கைவிட்டுவிடுகிற ஒரு பழைய ரகம். சமதளத்தில் வெண்ணெய், ஏற்றத்தில் யானை. இறக்கத்தில் மட்டும் ஆளே இல்லாத மாதிரி. பிரேக் போடுகிற மனிதனுக்கு அதனால் ஒரு ஆபத்தும் இல்லை. மார்வின் போட மாட்டான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அது. ஒரு போல்ட்டைக்கூட நான் தளர்த்தவில்லை.

அவனுக்கு இடது முழங்கால் வலி உண்டு. கிளட்ச் மிதிக்க வேண்டாமே என்றுதான் இதைப் போட்டேன் என்றதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தான். எனக்கும் ஒரு மாதிரி இருந்தது, மறைக்கவில்லை.

லோரெட்டாவைப் பற்றி யோசிக்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். முதலில் யோசித்ததே அவளைத்தான். காப்பர் கணவாயின் அந்தப்பக்கத்துச் சரிவில் அவள் எப்போதும் உச்சியிலேயே இறங்கிக்கொள்வாள். பயம். தண்ணீர்ப் புட்டியோடு நடந்தேதான் கீழே வருவாள். அதை நம்பித்தான் எல்லாமே.

பனி உருகிப் பாதை திறந்ததும் அந்தக் கணவாய்க்கு முதல் பயணம் போனோம். மார்வினுக்குப் பின்னால் நான். உச்சிவரை ஏற்றம்தான், வண்டி அழகாக ஏறியது. உச்சியில் நின்றதும் வழக்கம்போல லோரெட்டா பக்கவாட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். மார்வினும் இறங்கினான். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து அவனுடைய இருக்கையில் ஏறினாள்.

அவளுக்குக் கிளட்ச் வண்டி ஓட்ட வராது. இதில் கிளட்ச் இல்லை. நான்தானே போட்டுக்கொடுத்தேன்.

என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோவில் பேசினாள். "ஏய் கிறிஸ்துமஸ் மரம், இன்னிக்கு நான் எறக்கறேன். லைட்டு எரியுதான்னு நல்லா பாத்துக்கோ."

மைக் என் கையில்தான் இருந்தது. மார்வின் வழிகாட்டுவதற்காகச் சரிவில் பாதி தூரம் நடந்து போகிறவரை நேரமும் இருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கு என்று சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்தும் ஏன் அதைப் போட்டாய் என்பார்கள். அவளும் கேட்பாள். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவள் இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

வண்டி வேகம் பிடித்தது. மார்வின் கீழே கையை ஆட்டிக்கொண்டு, "கால எடு, காலத் தூக்கு, அது பிடிக்கும்," என்று கத்துவது கேட்டது. அவள் அவனை நம்பினாள். சிவப்பு விளக்கு எரியவில்லை, எரியவில்லை, எரியவே இல்லை. மார்வின் பாறையோடு ஒட்டிக்கொண்டான். திருப்பத்துக்கு வந்தபோதுதான் எரிந்தது. சரளைக்கல்லில் அந்த வேகத்தில் எந்தப் பிரேக்கும் பிடிக்காது.

கீழே கவிழ்ந்து கிடந்தும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே இழுத்து நிறுத்துகிற கம்பி அறுந்துபோனால் எஞ்சினிலேயே அதை எங்கே நிறுத்துவது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். மார்வின் முழங்கால் வலியோடு நொண்டி இறங்குவதற்குள் ஓடி முதலில் போய்ச் சேர்ந்தவன் நான். நிறுத்தினேன். அந்தச் சத்தம் இன்னும் நிற்கவில்லை. ஷெட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தாலும் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நான் போய்க் காதை வைத்துப் பார்க்கிறேன்.

அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"லைட்டு எரிஞ்சிச்சா? பாத்தியா?"

"இல்ல, எரியல," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அது. அவள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. மார்வின் வந்து சேர்ந்தபோது அவள் இல்லை.

அவன் இப்போது தினமும் என் ஷெட்டுக்கு வருகிறான். அவள் உட்கார்ந்த முக்காலியிலேயே உட்காருகிறான். காப்பி கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டு ஆற விடுகிறான். "நான்தாண்டா கொன்னேன், கால எடுன்னு நான்தான் சொன்னேன்," என்கிறான். நான் அவன் தோளில் கைவைத்து, உன் தப்பு இல்லை என்கிறேன். நீ இல்லையென்றால் நான் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன் என்கிறான். நேற்று தன் வேட்டைத் துப்பாக்கியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, வீட்டில் வைத்துக்கொள்ளப் பயமாக இருக்கிறது, நீ பத்திரமாக வைத்திரு என்றான். அதைத்தான் உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். அது என்னிடம் இருப்பது நல்லதில்லை என்று தோன்றியது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கியர்பாக்ஸைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தேன். மார்வின் சாக வேண்டும் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், மறுக்க மாட்டேன். லோரெட்டாவின் பெயரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்ததில்லை.