வார்னிஷ் பூசிய பித்தளைத் தகடு

ஆயுத பூஜைப் பொரியில் நாட்டுச் சர்க்கரையை அளவாகக் கலப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது ஐயா. கீரனூரைத் தாண்டி இருக்கும் எங்கள் தொழிற்கூடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் நான். ஆனாலும் விழா என்றால் என் தலையில்தான் விழும். எனக்கு அது பிடிக்கும்.

நாட்டின் ராக்கெட் திட்டத்துக்குத் திட எரிபொருள் செய்கிறோம். ஏவுகணைக்கும் போகும், வானிலை ராக்கெட்டுக்கும் போகும். ரப்பர் போல இருக்கும், கத்தியால் சீவி அளவாக்குவோம். நம் உடம்பில் தங்கும் துளி மின்சாரம் பட்டாலும் பற்றிக்கொள்ளும். அதற்காகத்தான் சீவும் அறைக்கு வெளியே, தடுப்புச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு. வெறுங்கையால் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும்.

டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்களே என்று தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். அப்படியொரு மினுமினுப்பு. கறுக்காமல் இருக்க வார்னிஷும் அடித்தேன்.

பூஜையன்று காலை, சோதனை மீட்டரோடு எங்கள் டெக்னீஷியன் கார்த்திகா வந்தாள். "சார், தகட்டுல மின்சாரம் எறங்கலங்க. வார்னிஷைச் சொரண்டுற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க."

"போட்டோ எடுத்ததும் சொரண்டிருவோம்மா" என்றேன். நல்ல பெண், ஆனால் எதற்கெடுத்தாலும் பயம்.

பூஜையன்று கருவியைத் தொடமாட்டோம். வந்தவர்கள் ஆசைப்பட்டதால், ஒரு சீவல் மட்டும் காட்டச் சொல்லி, சீவும் தொழிலாளி நிலவழகனை அனுப்பினேன். அவர்கள் தொலைவில் திரையில் பார்த்தார்கள். அவன் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "மொகமே தெரியுது சார்" என்று சிரித்தான். போட்டோ எடுத்தோம். அவன் சீவும் அறைக்கு நடந்தபோது எனக்கு வார்னிஷ் ஞாபகம் வந்தது. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். ஏன் என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். அவ்வளவு நல்ல நாளைக் கெடுக்க மனம் வரவில்லை.

அவன் வெளியே வரவில்லை.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் தகட்டைச் சுரண்டினேன். முன்னமே சுரண்டிவிட்டதாகக் கார்த்திகாவிடம் சொன்னேன், பார்த்துவிட்டு நம்பினாள். உரசினாலே மின்சாரம் பிறக்கும் நைலான் பனியனை நிலவழகன் போட்டு வந்துவிட்டான் என்று அறிக்கை எழுதினேன். "பருத்திதாங்க போடுவாரு, தொவைக்கிறது நாந்தானே" என்றாள் அவன் மனைவி சொர்ணம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விசாரிக்க வந்த நீங்கள், அந்தப் போட்டோவில் தகட்டில் கீறலே இல்லை என்கிறீர்கள். ஆமாம், இல்லை. தெரிந்துதான் உள்ளே விட்டேன்.

ஆனால் ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வகுப்பில் அந்தப் பனியன் கதையை நான் சொன்னதிலிருந்து ஒருவர்கூட நைலான் போட்டு வருவதில்லை. எத்தனை உயிர் தப்பியிருக்கும், நீங்களே சொல்லுங்கள். நிலவழகன் இருந்தால் அவனே சந்தோஷப்பட்டிருப்பான்.