எரிச்சு மோந்து பாக்குற வேலை

முப்பத்தி நாலா? அப்ப எனக்குப் பதினேழு வயசு சின்னவரு. தம்பின்னே கூப்பிடுறேன். வயசு தெரியாம ஒருத்தர்கிட்டப் பேச எனக்கு வாயே வராது. உக்காருங்க, அந்த மூட்டை மேலயே உக்காருங்க, காஞ்ச சரக்குதான். தேத்தண்ணி குடிங்க. விசாரணைக்குன்னு ஹனோய்ல இருந்து வர்ற ஆபீசருங்க எல்லாரும் எங்க ஊருல ஒரு வாய் குடிக்க யோசிக்கிறாங்க. நாங்க இருபது வருஷமா குடிக்கிறோம்.

கேட்டதுக்கு வர்றேன் தம்பி. உருக்குற மெஷின் ஓட்டுற ஹோவான் சூட்டை ஏத்துனானா இல்லையா, அதானே உங்களுக்கு வேணும்? முதலாளி குயெத் குடுத்த தாள்ல அப்படித்தான் இருக்கு. சூட்டை ஏத்திட்டான், பிளாஸ்டிக் தீஞ்சு அடைச்சுக்கிச்சு, அடைப்பை எடுக்க மூடியத் திறந்தான், புகை மூஞ்சியில அடிச்சுது. எல்லாம் அவன் தப்பு. அவன் தப்புன்னு ஆயிட்டா அவன் பொண்டாட்டி கைக்கு ஒரு டோங் காசு வராது, வைத்தியச் செலவும் அவ தலையிலதான். கீழ கையெழுத்தெல்லாம் இருக்கா? ஆமா, மூணாவது என்னோடதுதான். போட்டேன். வேலை வேணும்னு இருக்கவ வேற என்ன செய்வா?

அவன் ஆஸ்பத்திரியில கிடந்து பதினோரு நாளாச்சு. நுரையீரல் வெந்து போச்சாம். பேச்சு வரல. அவனால வாயத் திறந்து மறுத்துச் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சதும்தான் அந்தத் தாளை அத்தனை வேகமா எழுதுனாங்க.

எங்க வேலைய நீங்க நின்னு பாத்திருக்கீங்களா? வெளிநாட்டுக்காரன் தின்னுட்டுப் போட்ட கவரெல்லாம் கட்டுக் கட்டா கப்பல்ல வருது. பிரிக்கணும், அரைக்கணும், கழுவணும், உருக்கணும். நூல் மாதிரி இழுத்துப் பாசிப்பயறு அளவுக்கு வெட்டணும். அந்த மணியத்தான் விக்கிறோம், அவன் மறுபடி கவர் பண்ணிக்குவான். இதுல எல்லாத்துக்கும் முன்னாடி, எது எந்த வகைன்னு ஒருத்தர் சொல்லணும். அதுக்கு மெஷின் கிடையாது. ஓரத்துல ஒரு துண்டு கத்தரிச்சு, லைட்டர்ல கொளுத்தி, ஊதி அணைச்சு, மோந்து பாக்கணும். பை வகைன்னா மெழுகுவத்தி வாசம். தயிர்க் கப்புன்னா ஒரு மாதிரி இனிப்பா வந்து தலைய வலிக்கும். பிவிசி மூக்குக்குள்ள ஊசி இறக்குன மாதிரி குத்தும். அது ஒரு மூட்டை உள்ள போனாப் போதும். மத்தது உருகுற சூட்டுல அது ஆசிட் புகையாயிடும். சூட்டை யாரும் ஏத்தவே வேணாம்.

மோந்து பாக்குறது நான்தான். பதினாலு வருஷம். நாலாங் கிளாஸோட நின்னவ நான். ஆனா நான் தள்ளுன்னா முதலாளியே தள்ளித்தான் ஆகணும். மூக்கக்கான்னுதான் கூப்பிடுவாங்க. மத்த பொம்பளைங்க கழுவுற தொட்டிக்குள்ள காரச் சோடாத் தண்ணியில கைய விட்டு நிப்பாங்க, விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். நான் நிழல்ல முக்காலி போட்டு உக்காந்திருப்பேன். வயித்தெரிச்சல் இல்லாமயா இருக்கும் அவளுங்களுக்கு?

குயெத்தை விடாதீங்க தம்பி. இதை எழுதிக்குங்க. தொட்டியில போட்டிருந்தா பை மிதந்திருக்கும், பிவிசி முங்கியிருக்கும். அன்னிக்கு அவரு, வந்த சரக்கு சுத்தமாத்தான் இருக்கு, தண்ணியில நனைச்சா காய ரெண்டு நாளாகும், நேரா அரைங்கன்னுட்டாரு. அவர் சொன்னதை அத்தனை பேரும் காதால கேட்டோம். ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க.

என்ன? தொட்டிக்கு முன்னாடியே அது என்ன வகைன்னு பாத்துச் சொன்னது யாருன்னு கேக்குறீங்களா?

ஆமா. சரக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொல்லாம அரைக்க எடுக்க மாட்டாங்க. அன்னிக்கு வந்தது மெத்துன்னு இருந்த ஷீட்டு. விறைப்பான பிவிசின்னா தீய எடுத்ததும் அணைஞ்சிடும், கண்ணே சொல்லிடும். இந்த மெத்து ரகம் பை மாதிரியே நின்னு எரியும். மூக்கு ஒண்ணுதான் வழி.

குடிங்க, ஆறிடும்.

ரெண்டு வருஷம் முன்னாடி டெட் புத்தாண்டுப் பண்டிகைக்கு இலையில கட்டுன அரிசிக் கட்டி வேக வெச்சிருந்தேன். நான் அடுப்புலருந்து ஒரு முழத்துல துணி தைச்சுக்கிட்டு இருக்கேன். பானையில தண்ணி வத்தி, இலை கருகி, தெருவே நாறியிருக்கு. மருமக ஓடி வந்து இறக்குனா. தூங்கிட்டீங்களா அத்தைன்னா. தூங்கிட்டேன்னு சொன்னேன். ஊசியில நூல் இருக்கு கையில, தூங்குனேனாம்.

மூக்கு போச்சுன்னு சொல்லியிருந்தா மறுநாளே தொட்டி வேலைதான். இந்த வயசுல, இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு. அதனால ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஹோவான் மெஷின் எனக்கு எதுத்தாப்புல, எட்டடி இருக்கும். என் முதுகுப் பக்கம் ஃபேனு. நான் கொளுத்துற புகை நேரா அவன்கிட்டத்தான் போகும். துண்டை மூக்குகிட்ட வெச்சுக்கிட்டு அவன் மூஞ்சியப் பாப்பேன். கெட்ட சரக்குன்னா சுளிப்பான். ஏன் அத்தை, என்னைக் கொல்லப் பாக்குறீங்களான்னு கத்துவான். நான் உடனே தள்ளு இதைம்பேன். ரெண்டு வருஷத்துல ஒரு மூட்டை தப்பல. அக்கா மூக்கு அக்கா மூக்குன்னு எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க. அவனும்தான். அவனுக்குத் தெரியாது தம்பி, இன்னிக்கு வரைக்கும்.

இது நடக்குறதுக்கு முந்தின வாரம் உங்க ஆபீஸ்காரங்க வந்து, கரி வெச்ச மாஸ்க்கு போடணும்னு சட்டம் பேசிட்டுப் போனாங்கல்ல? மெஷின்காரங்களுக்குத்தான் முதல்ல குடுத்தாங்க. நல்லதுதான், குறை சொல்லல. பாதி மூஞ்சி அதுக்குள்ள போயிடுச்சு. வாசமும் உள்ள போகல. நான் அந்த ஷீட்டைக் கொளுத்திட்டு அவனையே பாக்குறேன். புருவம்கூட அசையல. என்ன அத்தை பாக்குறீங்கங்குற மாதிரி கண்ணால சிரிச்சான். நல்ல சரக்கு, போடுன்னுட்டேன். அப்புறம் மெஷின் அடைச்சப்ப, வேர்க்குதுன்னு அந்த மாஸ்க்கை இறக்கிட்டுத்தான் மூடியத் திறந்தான்.

அவன் சூட்டை ஏத்தல. எப்பவும் வைக்கிறதுலதான் வெச்சிருந்தான். அதை முதல்ல எழுதுங்க.

அரைச்ச மூட்டையத் தோள்ல ஏத்தும்போதே கேட்டான், பை சரக்கு இவ்வளவு கனக்காதே அத்தை, இன்னொரு தரம் மோந்து பாருங்கன்னு. நான்தான், தூக்குடா சோம்பேறின்னேன்.