சுமத்ராவின் மலைகளைப் பாடத்தில் சேர்த்தவருக்கு

கல்லுமலைத் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் தலைமையாசிரியர், பெருந்தகை திரு. வைரக்கண்ணு அவர்களின் திருமுன், உடன் பணிபுரிந்தோர் உவந்து படைக்கும் மடல் இது.

மண்ணைப் படித்த மாண்பாளரே! மழையை அளந்த மதியாளரே! கல்லூரி வாசலை மிதிக்காத எங்களைக் கட்டாந்தரையில் அமர்த்திக் கல்லூரிப் பாடம் கற்பித்த கருணையாளரே! வணக்கம்.

தங்கள் பெருமையைத் தங்களிடமே சொன்னால், மூன்றாவது வரியிலேயே எழுந்து "போதும், உட்காருங்க" என்று எங்களை அதட்டுவீர்கள். இருபத்தாறு வருடப் பழக்கம் ஒரு மாலைக்காக மாறிவிடாது. ஆகவே, கூடியிருக்கும் ரந்தாவ் வட்டாரத்து அன்பர்களிடம் தங்கள் கதையைச் சொல்கிறோம். இன்று ஒருநாள் தாங்கள் வாய் திறவாமல் கேட்டிருக்க வேண்டுகிறோம்.

அன்பர்களே! ஜப்பானியர் ஆட்சி வந்த பிறகு புதுப் புத்தகம் என்பது கண்ணில் படாத பொருளாயிற்று. மூன்று தோட்டப் பள்ளிகளுக்கும் சேர்த்து, சென்னையில் பட்டப்படிப்பு மாணவருக்காக எழுதிய பூகோளப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. வைரக்கண்ணு அதை முதுகில் அறுத்து மூன்றாக்கினார். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பாகமும் சைக்கிளேறித் தோட்டம் மாறும். மாலை வகுப்பில் அவர் அதைத் தமிழில் சொல்ல, ஆசிரியர்களாகிய நாங்கள் மாணவர்களாகிப் படியெடுப்போம். சொன்னதை அப்படியே சொல்லும் ஆளல்ல அவர். ஆறு சுமந்து வரும் மண்ணுக்கு எடுத்துக்காட்டாக இருந்த கங்கையை எடுத்துவிட்டு நம்மூர் லிங்கி ஆற்றைப் போட்டார். அலை அரிக்கும் கரைக்குப் பக்கத்துப் போர்டிக்சன் கடற்கரையைப் போட்டார். மழைப் பாடத்தை மட்டும் புத்தகத்தில் இருந்தபடியே விட்டுவிட்டார். வம்பு அங்கேதான் பிறந்தது.

1943ஆம் ஆண்டு. அரிசிப் பங்கீடு ஒரு கைப்பிடியாய்ச் சுருங்கியிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் ஐந்தாம் லயத்துப் பன்னிரண்டு வீட்டாரும் எங்கெங்கோ அலைந்து கேழ்வரகு விதை சேர்த்தார்கள். எப்போது விதைப்பது என்று, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆறுமுகம் வந்து கேட்டார். வைரக்கண்ணு புத்தகத்தைப் புரட்டினார். வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று மேற்குக் கரையில் மழையைக் கொட்டும் என்று அதில் இருந்தது. "நாமளும் மேற்குக் கரைதானே, தைரியமா விதைங்க" என்றார். விதைத்தார்கள். இரண்டு நாள் தூறியது. பிறகு இருபத்தாறு நாள் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. முளைத்ததெல்லாம் கருகிப் போயிற்று.

அவர் நினைத்திருந்தால் பழியை வானத்தின் மேல் போட்டிருக்கலாம். யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். மறுநாள் விடியற்காலை, தொழிலாளர் வரிசையில் நிற்கும் பெரட்டுக் களத்துக்கு அவரே போனார்.

"தப்பு என்னோடது. படிச்சத யோசிக்காமச் சொல்லிட்டேன்" என்றார்.

ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டும் மயிலம்மாள், வரிசையில் நின்றவள், வாளியைக் கீழே வைத்தாள். கணவனை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன பின் இரண்டு பிள்ளைகளோடு தனித்து நின்றவள் அவள்.

"வாத்தியாரே, அந்தப் புத்தகம் எந்த ஊரு மழையச் சொல்லுது?"

"மெட்ராஸ் மாகாணத்து மேற்குக் கரை மழை."

"நாம நனையிறது ரந்தாவ் மழையிலலா! மழை பேஞ்சா மரம் வெட்டு இல்ல. வெட்டு இல்லாத நாளு எங்களுக்குத் தெரியாதா? மரம் இலை கொட்டித் துளிர்த்ததும் ஒரு மழை, தீவாளிக்கு முன்ன பின்ன ஒரு மழை. நடுவுல வெயில்தான் காயும். எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அந்த வெட்கம் அவரைச் சும்மா விடவில்லை. அன்றே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ப் பழைய செக்ரோல்களை இறக்கச் சொன்னார். பதினொரு ஆண்டுகளின் வருகைப் பதிவில், மழையால் வெட்டு நின்ற நாளெல்லாம் தனியே குறித்திருந்தது. எண்ணிப் பார்த்தோம். மயிலம்மாள் சொன்னது ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. உலகப்படத்தை விரித்து நெடுநேரம் பார்த்த வைரக்கண்ணு, சுமத்ராவின் மேல் விரலை வைத்தார். தென்மேற்குக் காற்றின் ஈரத்தை அந்தத் தீவின் மலைகளே பிழிந்துகொள்கின்றன, நமக்கு வருவது மிச்சக் காற்று என்று எங்களுக்கு விளக்கினார். பாடம் புதிதாக எழுதப்பட்டது. அதன் முதல் வரியை அவர் இப்படி வைத்தார்: "இப்பாடத்தை நான் முதலில் தவறாகச் சொன்னேன்; பதினொரு வீட்டு விதை போயிற்று."

பதினொரு வீடு என்றது ஏன் என்றால், மயிலம்மாள் மட்டும், புத்தகத்து மழையை நம்பாமல், தன் பங்கை விதைக்கவில்லை. சுண்டுப் படியால் இரண்டு அளவு விதை அவள் வீட்டில் இருந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சினால் சில நாள் கூழ். விதைத்தால் பன்னிரண்டு வீட்டுக்கும் நாற்று. ஒருமுறை கெடுத்தவன் மறுமுறை எந்த முகத்தோடு கேட்பது? வைரக்கண்ணு கேட்கவில்லை. புதுப் பாடத்தைப் பெரட்டுக் களத்தில் உரக்கப் படித்துவிட்டு, "பிழை இருந்தா இப்பவே சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். தீபாவளி மழைக்கு அவர் சொன்ன தேதியை மயிலம்மாள் பத்து நாள் முன்னே தள்ளினாள். அங்கேயே திருத்தினார். மறுநாள் அவளே விதையைக் கொண்டுவந்து கொடுத்தாள். விதைப்பு வரையான இரண்டு மாதமும் அவள் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கோடு பசியைத் தாங்கினார்கள் என்பதை இச்சபையில் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

புரட்டாசியில் விதைத்தார்கள். மழை வந்தது. தையில் பன்னிரண்டு வீட்டிலும் கூழ் கொதித்தது. முதல் கிண்ணத்தை மயிலம்மாள் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துவந்தாள். தனக்கு அதில் பங்கில்லை என்று வைரக்கண்ணு கையைக் கட்டிக்கொண்டார்.

"தப்ப ஒத்துக்கிட்ட வாய்க்கும் பசிக்கும்லா. குடிங்க வாத்தியாரே" என்றாள்.

நாங்கள் எல்லோரும் பார்த்திருக்க, எங்கள் தலைமையாசிரியர் அழுதுகொண்டே குடித்தார்.

ஐயா! தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ்க! தாங்கள் எழுதிய பாடத்தை இனி நாங்கள் நடத்துவோம். அதன் முதல் வரியை ஒருபோதும் அழிக்க மாட்டோம்.

இங்ஙனம்,
தங்களிடம் கற்ற ஆசிரியர்கள்,
மூன்று தோட்டப் பள்ளிகள், ரந்தாவ்.
தை, 1945