சிசிலி டீச்சரின் போத்தல்

மருந்து எடுக்க வருகிறவர்கள் போத்தல் கொண்டுவர வேண்டும், சுவாமி. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியின் சட்டம் அது. நான் போட்டதில்லை, எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. ஆனால் நான் அதைக் கறாராகக் காப்பாற்றி வருகிறேன். எண்ணெய்ப் போத்தலோ சாராயப் போத்தலோ, எதுவானாலும் சரி, நன்றாகக் கழுவி, தக்கையோடு கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவன் போத்தலைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், எனக்கு இப்போதெல்லாம் ஓரிடத்தில் முழங்காலில் நிற்க முடிவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது. கை வேறு சும்மா இருக்காமல் கன்னத்துக்குப் போகிறது. நடுவில் இந்தத் திரை இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது. என் கன்னம் முழுக்கக் குழி. முப்பது தாண்டியும் எனக்குப் பரு நிற்கவில்லை. கிள்ளிக் கிள்ளி வந்த குழிகள். அம்மை போட்டதா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அம்மை என்றால் யாரும் சிரிப்பதில்லை.

நீங்கள் மாதத்துக்கு ஒருமுறை வந்து எங்கள் பாவங்களைக் கேட்கிற இதே பள்ளிக்கூட அறையில்தான் சிசிலி டீச்சர் பாடம் நடத்தினார். ஐம்பத்தாறாம் வருஷம் தாயோடு இந்தத் தோட்டத்துக்கு வந்தார். வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. இருபத்தெட்டாவது வயதில், மழை பிடித்துக்கொண்ட நேரம், தாடையில் தொடங்கியது. பிறகு கன்னம். சிவந்து, சீழ் கோத்து, ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. பதினாறு வயதுப் பிள்ளைக்கு வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணம் ஆகாத டீச்சருக்கு வந்தால் தோட்டமே பார்க்கும். கொழுந்தெடுக்கிற பெண்கள் மலையில் நின்று பேசியது என் காதிலேயே விழுந்தது.

"டீச்சரம்மாவுக்கு இப்பத்தான்டி பருவம் வந்திருக்கு."

அதற்கு ஒரு சிரிப்பு. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வாசலில் இறங்கி, "பெரிய வியாதி ஒண்ணும் இல்லையே" என்று விசாரித்துவிட்டுப் போயிற்று. பெரிய வியாதி என்றால் எங்கள் பக்கம் குஷ்டம். அதற்குப் பிறகு டீச்சர் சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் கரும்பலகை முன்னால் நின்றார்.

அப்போதுதான் என்னிடம் வந்தார். தாய் அந்தோனியம்மாவும் கூட வந்தார். முதலில் நான் ஒழுங்காகத்தான் வைத்தியம் செய்தேன், சுவாமி. முகத்தில் பூசக் கந்தகத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். காலையும் மாலையும் வெந்நீரில் துணி நனைத்து ஒற்றச் சொன்னேன். தலைக்கு எண்ணெயைக் குறைக்கச் சொன்னேன். கிள்ளக் கூடாது என்றேன். கிள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு என் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். அதை நான் அதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

"உங்களுக்கும் இதுதானாங்க ஐயா? அம்மைன்னுல்ல சொன்னாங்க."

"இதுதான் டீச்சர்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. பரிதாபப்படவும் இல்லை. எனக்குத் தெரியும் என்றார், அவ்வளவுதான். சனிக்கிழமைதோறும் வந்தார். ஜன்னலோரம் உட்காரவைத்து, முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பேன். தொட்டது அவ்வளவுதான். வேறு எண்ணத்தில் தொட்டதில்லை, அந்தப் பாவத்தைச் சொல்ல நான் வரவில்லை. வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பதாகச் சொன்னார். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன் என்றேன். இருவரும் அதற்குச் சிரித்தோம்.

சில மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேசையில் வைத்து, "உங்க புண்ணியங்க ஐயா" என்று கும்பிட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. நோய் தீர்ந்தவர் எதற்கு வருவார்? எனக்கு அது விளங்காமல் இல்லை, பொறுக்கத்தான் முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அடுக்கிய போத்தல்களை எடுத்து மறுபடி அடுக்கினேன். பாதையில் பார்த்தால் "சுகமாங்க ஐயா" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார். அப்படி நிற்காமல் போனது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு ஒருநாள் அந்தோனியம்மா தனியாக வந்தார். மகளுக்குத் தாடையில் மறுபடி ஒன்று கிளம்பியிருந்ததாம்.

"மேலுக்குப் பூசினா போதுமாங்க? ரத்தமுல்ல கெட்டுக் கெடக்கு. ரத்தம் சுத்தமாக ஒரு மருந்து குடுங்க ஐயா."

அவர்தான் கேட்டார். நான் சொல்லவில்லை. நன்னாரிச் சாறு கலந்து, உள்ளுக்குக் குடிக்கிற மிக்ஸர் மருந்து ஒன்று செய்தேன். அதில் அயடின் உப்பு கொஞ்சம் சேர்த்தேன். நெஞ்சுச் சளி இளக நாங்கள் கொடுக்கிற உப்புத்தான். சில உடம்பில் அது முகத்தில் பருவைக் கிளப்பிவிடும். கொழும்பில் படித்தபோதே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சொல்லித் தராவிட்டாலும் எனக்குத் தெரியும். என் குழிகளில் பாதி, இருமலுக்கு அந்த உப்பைக் குடித்து வந்தவை.

சனிக்கிழமை டீச்சர் வந்தார். கன்னம் இரண்டும் வெடித்திருந்தன. அழுதுகொண்டிருந்தார். தாய்க்கு மட்டும் முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏன்டி அழுவுற? உள்ள கெடந்தது வெளிய வருது. மருந்து நல்லா வேலை செய்யுது. இல்லீங்களா ஐயா?"

எங்கள் சனங்களின் நம்பிக்கை உங்களுக்குத் தெரியும். அம்மை முத்து நன்றாக வெளியே கிளம்பினால்தான் ஆபத்தில்லை என்பார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தால் பூச்சி விழ வேண்டும். வெளியே கொண்டுவருகிற மருந்துதான் அவர்களுக்கு மருந்து. நான் தலையாட்டினேன், சுவாமி. இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. உள்ளுக்கு மிக்ஸர், வெளியில் கந்தகத் தண்ணீர். ஒன்று கிளப்பும், மற்றது ஆற்றும். கூடவும் விடாமல் குறையவும் விடாமல் வைத்திருக்க அளவு எனக்குப் பிடிபட்டுவிட்டது. நடுவில் இன்னொரு வரன் வந்து தட்டிப்போயிற்று. அன்றைக்கு டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "உங்களைத் தவிர யாருங்க ஐயா என் மொகத்தை நேராப் பாக்குறாங்க" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. ஒரு மனுஷருக்கு நான் வேண்டியவனாக இருந்தேன். அது பாவமா என்று உங்களிடம் தனியாகக் கேட்க நினைத்திருந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

மன்னிக்க வேண்டும், கொஞ்சம் எழுந்து நிற்கிறேன். கால் மரத்துவிட்டது. தகரத்தில் மழை விழுகிற சத்தம் வேறு தலைக்குள் போகிறது.

போன ஆகஸ்ட் விடுமுறையில் டீச்சர் வட்டவளைக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போனார். மிக்ஸர் நிறைத்துக் கொடுத்திருந்தேன். இந்தப் பாதையின் வளைவுகளில் பஸ் உலுக்கிய உலுக்கலில் கூடை சரிந்து போத்தல் உடைந்துவிட்டது. எனக்கு எழுதி அனுப்பக் கூச்சப்பட்டு, ஒன்றும் குடிக்காமலே விடுமுறை முழுவதும் இருந்திருக்கிறார். திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலைப்பு தோளில் கிடந்தது. முகத்தில் தழும்பு மட்டும்தான்.

"அந்தத் தண்ணி எனக்கு ஒத்துக்கிச்சுங்க ஐயா. இங்க உள்ள தண்ணிதான் எனக்கு ஆவல. இத்தன வருஷமா தெரியாமப் போச்சே."

தண்ணீர் மேல் பழி போட்டுவிட்டார். நான் செய்ததையெல்லாம் எங்கள் மலை ஊற்று செய்ததாக நினைத்துக்கொண்டார். என் மேல் ஒரு சந்தேகம் வந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. ஏனென்றால், மருந்தாக இருந்தால் மாற்றிக் கொடுக்கலாம். தண்ணீருக்கு நான் என்ன செய்வேன்? இந்தத் தோட்டத்தை விட்டே போக முடிவு செய்துவிட்டார். வட்டவளையில் பூசைக்குப் போன இடத்தில் சூசைரட்ணம் என்று தேயிலை ஆலை டீமேக்கர் ஒருவர் அவரைப் பார்த்திருக்கிறார். மனைவியை இழந்தவர், நல்ல குணம். பேச்சு முடிந்துவிட்டது. அதையும் அதே மூச்சில் என்னிடம்தான் முதலில் சொன்னார். நல்லது டீச்சர் என்றேன்.

மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு ஓலையை நீங்கள்தான் கோயிலில் வாசித்தீர்கள், சுவாமி. முதல் ஓலை அன்று நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்து, தலைநிமிர்ந்து ஒருகணம் பார்த்தீர்கள். எனக்கு எந்தத் தடையும் தெரியாது. தடை இல்லை என்பதுதான் என்னைப் போட்டு அலைக்கழித்தது. தோட்டம்வரை ஒரே நடையாக நடந்து வந்தேன், வழியில் வந்த பஸ்ஸைக்கூட நிறுத்தவில்லை.

அந்த வாரம் தாயும் மகளும் சொல்லிக்கொள்ள வந்தார்கள். முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"உள்ளே மிச்சம் மீதி இருந்தால்?" என்றேன்.

கேள்விதான் கேட்டேன். டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. மணவறையில் நிற்கும்போது கிளம்பினால் என்ன செய்வது என்று தாய் பதறினார். இருக்கிறதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே வெளியே வந்துவிடட்டும் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். புதுப் போத்தல் ஒன்று வாங்கி, கழுவி, தக்கையோடு கொண்டுவந்தார்கள். பழைய அளவை மறந்துவிட்டு, முகம் இனி லேசில் ஆறாத அளவுக்கு உப்பைப் போட்டேன். கல்யாணம் தள்ளிப்போகும், பிறகு அந்த மனுஷரும் மனம் மாறுவார் என்பது என் கணக்கு. டீச்சர் அவசரக்காரர். சொன்னதைவிடக் கூடத்தான் குடிப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டாம் ஓலை வாசித்த அதே வாரத்தில் டிஸ்பென்சரிக்கு வந்தார். கண் இமை வீங்கியிருந்தது. மூக்கு ஒழுகியது. முகம் முழுக்கக் கொப்புளம். தொண்டை கட்டி, குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"முழுங்க முடியலீங்க ஐயா. நிறுத்திப்புடவா?"

நிறுத்தியிருந்தால் தெளிந்திருக்கும், சுவாமி. அந்த உப்பு அப்படித்தான், நிறுத்தினால் இறங்கிவிடும். தொண்டைக்குள் வீங்கினால் என்ன ஆகும் என்பதும் நான் படித்ததுதான். அவர் கதவருகில் நின்றார், நான் அலமாரியருகில் நின்றேன். நான் பொய் சொன்னதில்லை என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? ஒன்று சொன்னேன்.

"நிறுத்தக்கூடாது டீச்சர். உள்ளே கிடந்தது வெளியே வருகிற நேரம் இது."

என் வாயால் அந்தப் பேச்சு வந்தது அந்த ஒரு தடவைதான். அவர் என்னை நம்பி வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை தோட்டத்து லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். மூச்சு விசிலடித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டிக்கோயா போய்ச் சேருமுன் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. மூச்சிழுப்பு, முட்டு வியாதி என்று நான் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னால் எழுதுவார்கள். மூன்றாம் ஓலையில் நீங்கள் மற்றவர்களின் பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினீர்கள்.

சிசிலி டீச்சரைக் கொன்றது நான்தான். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அவரை இங்கேதான் அடக்கம் செய்தோம் என்பதையும் நீங்கள் நினைக்க வேண்டும். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் மேட்டில் சிலுவை தெரிகிறது. வட்டவளைக்குப் போயிருந்தால் யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்.

அடக்கம் முடிந்து சில நாளில் அந்தோனியம்மா அந்தப் போத்தலைக் கொண்டுவந்தார். மிச்ச மருந்தைக் கொட்டி, சாம்பல் போட்டுக் கழுவி, தக்கையும் செருகியிருந்தார்.

"எதுக்குங்க வீட்டுல கெடக்கணும். இல்லாதவுங்க யாருக்காச்சும் ஆகும்."

எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த நடை.

செய்த பாவத்துக்கு மனஸ்தாபம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணச் சொல்கிறீர்கள். பண்ணுகிறேன், அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. டீச்சர் ஒருவர்தான். வேறு யாரிடமும் நான் இப்படி நடந்துகொண்டதில்லை, நடந்துகொள்ளவும் மாட்டேன். சீக்கிரம் மன்னிப்புக் கொடுத்தால் எழுந்துவிடுவேன். இன்றைக்கு ஆள் வருகிற நாள்.

சிசிலி டீச்சரின் இடத்துக்கு வந்திருக்கிற நாகலெட்சுமி டீச்சர் நேற்று வந்தார். ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளை, முதலில் வாசலிலேயே தயங்கி நின்றார். நெற்றியில் சின்னதாக இரண்டே இரண்டு. இந்தத் தண்ணி ஒத்துக்கலைங்க என்று தலைப்பால் மறைத்துக்கொண்டு சொன்னார். போத்தல் கொண்டுவர வேண்டும் என்றேன். வந்த புதுசு, வீட்டில் போத்தல் ஏதும் இல்லையே என்றார். பரவாயில்லை டீச்சர், நாளைக்கு வாருங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது என்றேன்.