நூறுல ஓட்டுன கை

இல்ல தம்பி, இப்ப வராது. பன்னெண்டு மணிக்குக் கரண்டு போச்சுன்னா மூணு மணிக்குதான். இன்னும் இருவது நிமிஷம் கெடக்குது. எழுந்துக்காதீங்க, எங்க வக்கீலு அனுப்புன ஆளத் திருப்பி அனுப்பிட்டன்னு தெரிஞ்சா எங்க வூட்டுக்காரரு என்னைய உண்டு இல்லன்னு பண்ணிடுவாரு. அந்தச் சேரு வேணாம், இதுல ஒக்காருங்க. அது கம்ப்யூட்டரு ஸ்டியரிங்குக்கு நேரா அவுரு அளவு பாத்துப் போட்டது. ஒரு வெரக்கட நகந்தாலும் கண்டுபுடிச்சிடுவாரு. அவுரு அதுல ஒக்காந்து ஓட்டிப் பத்து மாசம் ஆவுது, ஆனா சேரு மட்டும் நகரக்கூடாது.

அவுரா? ஒங்களுக்குக் குடிக்கக் கலரு வாங்கியாறன்னு ரயில் டேசன் பக்கம் போயிருக்காரு. வேணாம்னா கேட்டாத்தான? போற வழியில பாக்குறவன் கிட்டல்லாம் நின்னு, எங்க வூட்டுக் கம்ப்யூட்டரு கோர்ட்டுல சாட்சி சொல்லப் போவுதுடான்னு சொல்லிட்டுதான் வருவாரு. முதுநகர்ல இந்தக் கதை தெரியாத ஆளே கெடையாது இப்ப.

எழுதிக்கோங்க. அவுரு பேரு பொன்னுரங்கம். என் பேரு மங்கலம். பதினேழு வருசம் கடலூரு செதம்பரம் ரூட்டுல பிரைவேட் பஸ்ஸு ஓட்டுனாரு. கம்ப்யூட்டர்ல வண்டி ஓட்டுற கேமுக்கான இந்த ஸ்டியரிங்கு எப்ப வந்துச்சுன்னா, ரெண்டாயிரத்துப் பத்து தீவாளிக்கு. சிங்கப்பூர்ல இருக்கானே என் தம்பி சுரேந்தரு, அவன் வெளயாடிக்கிட்டு இருந்தது. கலியாணம் ஆனதும் பொண்டாட்டி சத்தம் போட்டிருப்பா. மாமா கைக்கு நல்லதுன்னு சொல்லி, கம்ப்யூட்டரோட பெருமையா இங்க எறக்கிட்டுப் போயிட்டான்.

கைக்கு என்னாவா? அதயும் எழுதணுமா? அந்த வருசம் ஆடியில பக்கவாதம் வந்துது. கால் ரெண்டு மாசத்துல சரியாப் போச்சு, பேச்சும் வந்துடுச்சு. எடது கைதான். சோத்துத் தட்டக்கூடத் தூக்காது. கைப்பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு, வலது கையத் தொடையில வச்சிக்கிட்டு எடது கையாலயே எல்லாத்தயும் செய்ய வையுங்கம்மான்னு சொல்லிச்சு. இட்லிய எடது கையில சாப்புடுன்னா எந்த மனுசன் சாப்புடுவான்? இத வச்சதும் ஒக்காந்தாரு. டிரைவருக்கு ஸ்டியரிங்க காட்டுனா போதும்ல.

ஒங்களுக்குத் தெரியாதது இல்ல, கம்ப்யூட்டரு கடை வச்சிருக்கீங்க. இதுக்குள்ளாற மோட்டாரு இருக்குது. நாம ஒரு பக்கம் திருப்புனா அது எதிர்ப் பக்கம் இஸ்கும். டயரு ரோட்டுல எப்புடிப் போவுதோ அந்தக் கனம் கைக்கு வரும். போர்ஸ் பீட்பேக்குன்னு பேரு. அத வாயில நொழைக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஆமாம், செட்டிங்கு எல்லாம் நான்தான் பண்ணன். ஏன் அப்புடிப் பாக்குறீங்க? டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவ நானு. அவுரு மவுசத் தொட மாட்டாரு, அது பொம்பளைங்க வேலையாம். சுரேந்தரு போன்ல சொல்லச் சொல்ல நான் பண்ணுவன். தானா நடுவுக்கு வர்ற ஸ்பிரிங்குன்னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க, அதுல டிக்க எடுத்துடணும். எடுக்கலன்னா பொம்ம வண்டியாட்டம் இருக்கும், ரோடு கைக்கே தெரியாது. டேம்பருன்னு சும்மாவே இறுக்கிப் புடிக்கிற கட்டம் ஒண்ணு, அது பூஜ்யம். சுத்து தொள்ளாயிரம் டிகிரி. அது ரெண்டர சுத்துதான் வருது, பஸ்ஸுக்கு இது எந்த மூலைக்குன்னு அதுக்கும் ஒரு சண்ட. அப்பறம் கனம். ஒரு கோடு இருக்கும், இஸ்தா நம்பரு ஏறும். பூஜ்யத்துலேந்து நூறு வரைக்கும்.

மொதல்ல சுரேந்தரு அவன் ஓட்டுற மாரி நூறுல வச்சிட்டுப் போயிட்டான். இவுரு எடது கையப் போட்டாரு, அது வெடுக்குன்னு ஒதறித் தள்ளிடுச்சு. கொறச்சன், கொறச்சன், கடைசில முப்பதுல வந்து நின்னுச்சு. முப்பதுன்னா மெதுவா, மூச்சு வாங்கிக்கிட்டு திருப்புவாரு. ஒரு மாசம் முப்பது. அப்பறம் நாப்பது வையின்னாரு. வச்சன். முடியல. நாலு நாளு பாத்தாரு, முடியல. அன்னிக்கு சோத்துத் தட்டத் தூக்கி செவுத்துல அடிச்சாரு பாருங்க, அந்தக் கறை இன்னும் இருக்குது, தோ அங்க. ரெண்டு நாளு பச்சத் தண்ணி பல்லுல படல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு. என்னைய எதுக்கு டாக்டரு காப்பாத்துனான்னு கேட்டாரு. அத நான்தான கேட்டுக்கிட்டு நிக்கணும்? டாக்டருக்கா காதுல வுழுந்துது?

அப்பறமா? அப்பறம் நாப்பது வந்துடுச்சு. எப்புடின்னா, வந்துடுச்சு. இருங்க தம்பி, எல்லாத்துக்கும் வரன்.

தையில அம்பது. மாசிமகத்துக்கு எழுவது. சித்திரையில எண்பது, வைகாசி கடைசியில நூறு. நம்பரு ஏற ஏற ஆளே மாறிட்டாரு. காத்தால குளிச்சிட்டு, காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து ஒக்காருவாரு. கேமுல எல்லாம் வெள்ளக்காரன் ஊரு லாரி, வழிச்சி வச்ச மாரி ரோடு. ஒரு மாடு கெடையாது, ஒரு சைக்கிளு கெடையாது. இவுரு வாயாலயே ஆரனடிப்பாரு. ஆலப்பாக்கம் வந்துடுச்சு, புதுச்சத்திரம் வந்துடுச்சுன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவாரு. பி.முட்லூரு வந்தா வண்டிய ஓரங்கட்டிட்டு, மங்கலம் டீ குடும்பாரு. கலியாணம் ஆயி பதினேழு வருசத்துல அந்த மனுசன் பகல்ல வூட்டுல இருந்து நான் பாத்ததே இல்ல. என் கையால டீ வாங்கிக் குடிச்சிட்டு நல்லா இருக்குதுன்னு சொன்னதும் இல்ல. வெக்கத்த வுட்டு சொல்றன், என் குடித்தனத்துலயே நான் நல்லா இருந்தது அந்த ஆறு மாசம்தான். எனக்கு அது போதும்னு இருந்துது. அவுருக்குப் பத்தல.

நூறு வந்த மறுநாளே மொதலாளியப் பாக்கக் கெளம்பிட்டாரு. தடுக்கலியான்னு கேக்குறீங்க. தடுத்தன். கை இன்னும் ஆவட்டும்னு சொன்னன். நூறே ஓட்டுறன், இதுக்கு மேல நம்பரு இருக்குதாடின்னாரு. சரி, போவட்டும், மொதலாளி எடுக்க மாட்டான், டாக்டரு ஓட்டலாம்னு சீட்டுக் குடுக்க மாட்டாருன்னு நெனச்சி சும்மா இருந்துட்டன். அதுதான் நான் பண்ண தப்பு. அப்ப ஆனித் திருமஞ்சன சமயம், செதம்பரத்துக்கு ஜனம் சாயுது, மொதலாளிக்கு டிரைவரு இல்ல. எங்கயோ ஒரு சீட்ட அவனே வாங்கிக் குடுத்தான். காலி பஸ்ஸக் குடுத்து நேர் ரோட்டுல ஓட்டச் சொல்லிப் பாத்தான். ஓடுற வண்டிக்கு ஸ்டியரிங்கு கனம் தெரியாதுன்னு எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? மெதுவா வளைக்கிறப்பதான் பழைய பஸ்ஸு ஸ்டியரிங்கு கொணத்தக் காட்டும். அத எவனும் பாக்கல.

மூணாம் நாளு. இங்கயே, மணிக்கூண்டு கிட்டதான். சைக்கிளு ஒண்ணு குறுக்க வந்துது, ஒடிச்சாரு, திரும்பல. மெதுவாத்தான் போயிருக்குது. மெதுவாப் போனாலும் பஸ்ஸு பஸ்ஸுதான? ஓரமா கூடை வச்சிக்கிட்டு மீன் வித்துக்கிட்டு இருந்துது, அமராவதின்னு, குப்பத்து அம்மா. எனக்கும் தெரிஞ்சவங்கதான், வஞ்சிரம் வந்தா எனக்குன்னு ரெண்டு துண்டு ஒதுக்கி வைப்பாங்க. அவுங்க கால் மேல ஏறிடுச்சு, ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழ கால எடுத்துட்டாங்க. இப்ப அவுங்க மருமவ வந்து விக்கிது. நான் அந்தப் பக்கம் போறதில்ல.

இவுரு போலீசுல என்ன சொன்னாருன்னா, ஸ்டியரிங்கு புடிச்சிக்கிச்சு, என் கையில கொறை இல்ல, நான் நூறுல ஓட்டுனவன், வூட்டுக்கு வந்து பாருங்கன்னாரு. அவுரு பொய் சொல்லல தம்பி. அவுரு அதத்தான் நம்புறாரு, இன்னிக்கும். பிரேக் இன்ஸ்பெக்டரு வந்து பாத்தாரு, ஸ்டியரிங்கு முன்னாடியே கெட்டு இருந்துதா மோதுனதுல கெட்டுச்சான்னு சொல்ல முடியலன்னு எழுதிட்டாரு. மொதலாளி ஒரே போடா மெக்கானிக்கு சுப்புராயன் மேல போட்டுட்டான். ஸ்டியரிங்கு பாக்ஸ அவன் பாக்காம வுட்டுட்டான்னு. வேலையும் போச்சு, கேசுலயும் ரெண்டாவது ஆளா பேரு. சுப்புராயன் யாருன்னு நெனச்சீங்க? இவுரு பக்கவாதம் வந்து விழுந்த அன்னிக்கு பஸ்ஸ வுட்டு எறக்கி, தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவரு. எனக்கு அண்ணன் மாரி.

அதுலேந்து வூட்டுக்கு வர்றவங்க எல்லாரும் இதுல ஒக்காரணும். இவுரு தொட மாட்டாரு, அடுத்தவங்கள ஒக்கார வச்சிப் பாப்பாரு. ஏட்டு ஒக்காந்தாரு, மணிக்கட்டத் தேச்சிக்கிட்டே எழுந்தாரு. அந்த வக்கீலு ஒக்காந்தாரு, எப்பா இவ்ளோ கனத்தயா இந்தக் கையி திருப்புச்சின்னு கேட்டுதான், கோர்ட்டுக்கு அளந்து எழுதிக் குடுக்க ஒங்கள அனுப்பி இருக்காரு. மார்கழியில வந்த தானே புயல்ல ஓடெல்லாம் பறந்துச்சு, பீரோல இருந்த துணி ஊறிச்சு, இது மேல ஒரு சொட்டுப் படல. படக்கூடாதான்னு நான் நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தன்.

போன வாரம் சுப்புராயன் அண்ணன் வந்தாரு. சண்டைக்குத்தான் வந்தாருன்னு நெனச்சன். இல்ல. ஒரு தடவ நானும் ஒக்காந்து பாக்குறன் பொன்னுரங்கம்னாரு. எடது கைய மட்டும் போட்டுத் திருப்புனாரு. முப்பது வருசம் ஸ்பேனரு புடிச்ச கை, பாதி சுத்துலயே நின்னுடுச்சு. அப்பறம் சொல்றாரு, இத ஓட்டுன கைக்கு பஸ்ஸு திரும்பலன்னா தப்பு என்னுதுதான், அந்த வாரம் வேல ஜாஸ்தி, கிரீசு வச்சனா இல்லியான்னு எனக்கே ஞாபகம் இல்லம்மா, நான்தான் பாக்காம வுட்டுட்டன் போலன்னு. எங்கிட்ட கையெடுத்துக் கும்புட்டுப் போறாரு தம்பி. எங்கிட்ட.

தோ, வந்துடுச்சு கரண்டு. போடறன் இருங்க. இப்ப வாங்க, அந்தச் சேருலயே ஒக்காருங்க, பரவால்ல. நூறுன்னு காட்டுதா? எழுதிக்கோங்க. இப்ப எடது கைய மட்டும் போட்டுத் திருப்புங்க. பாத்தீங்களா, ஒங்களுக்கே தோள்பட்ட வரைக்கும் ஏறுதுல்ல.

இப்ப கேமுக்கு உள்ளாற போங்க. ஆப்ஷனு. கண்ட்ரோலு. கீழ எறங்குங்க, இன்னும் கீழ. அங்கயும் ஒரு கனம் இருக்குது பாருங்க, வெளி நம்பருல இது எத்தன சதவீதமோ அதுதான் கைக்கு வரும். அதுவும் நூறுன்னு நிக்கிதா? அது பத்து மாசமாத்தான் நூறு. அதுக்கு முன்ன அங்க முப்பது. வெளிய நாப்பது வச்சப்ப உள்ள எழுவத்தஞ்சு வச்சன். வெளிய அறுவதுன்னா உள்ள அம்பது. காலண்டரு சீட்டுப் பின்னால கணக்குப் போட்டுப் போட்டு வச்சன், வெளிய ஏத்துன அளவுக்கு உள்ள எறக்குனன். முப்பதுக்கு மேல அந்தக் கை ஒரு நாளும் ஏறல தம்பி. நம்பருதான் ஏறுச்சு. உள்ள ஒண்ணு இருக்குதுன்னு சுரேந்தரு சும்மாதான் சொன்னான், எதுக்கு கேட்டன்னு அவனுக்கும் தெரியாது. ஆக்சிடெண்டு அன்னிக்கு, வூட்டுக்கு வந்து பாருங்கன்னு இவுரு சொன்னது காதுல வுழுந்ததும், போலீஸ் டேசன்லேந்து ஓடியாந்து உள்ள இருந்ததயும் நூறாக்குனன்.

நீங்க பேப்பர்ல முப்பதுன்னு எழுதுங்க. நான் சொன்னன்னே எழுதுங்க, கையெழுத்துப் போடறன். சுப்புராயன் அண்ணன் பேரு அதுலேந்து வெளிய வரட்டும். ஆமா, இவுருக்குத் தெரியும்தான். கோர்ட்டுல படிக்கிறப்ப தெரியும். அன்னிக்கு என்னைய என்ன பண்ணுவாரோ பண்ணட்டும், வூட்ட வுட்டுப் போன்னாலும் போறன். ஆனா இன்னிக்குத் தெரிய வேணாம். கேட்டா கனமா இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய்யும் இல்லல்ல, இப்ப கனமாத்தான இருக்குது.

வாசக்கேட்டுத் தொறக்குற சத்தம், அவுருதான். கண்ணத் தொடச்சிக்கிறன் இருங்க.

ஏங்க, இவ்ளோ நேரமா? கரண்டு வந்தாச்சு, தம்பி ஒக்காந்து பாத்தும் ஆச்சு. எங்கிட்ட என்ன கேக்குறீங்க, எனக்கு என்ன தெரியும்? தம்பியவே கேளுங்க. சொல்லுங்க தம்பி.